சப்ளை செயின் படிப்பு: கேள்விகளும் பதில்களும்

இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை படிக்க நினைப்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், பகலில் சரக்குத் திட்டமிடல் வேலை, மாலையில் வகுப்பு என்று இருப்பவர்.

கே: சப்ளை செயினும் லாஜிஸ்டிக்ஸும் ஒன்றுதானே சார்?

ப: இல்லை. சரக்கை ஏற்றுவது, இறக்குவது, கிடங்கில் வைப்பது, அனுப்புவது லாஜிஸ்டிக்ஸ். எதை, யாரிடம், எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதில் தொடங்கி, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதை என்ன செய்வது என்பது வரை சப்ளை செயின். லாஜிஸ்டிக்ஸ் அதற்குள் அடக்கம்.

கே: கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. சமாளிக்க முடியுமா?

ப: சராசரி, சதவீதம், கொஞ்சம் புள்ளியியல். பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு பொருள் தினமும் 20 விற்கிறது, ஆர்டர் போட்டால் 5 நாளில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 100-க்கு இறங்கும்போது ஆர்டர் போட்டால் போதும். இதை யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் லாரி சில சமயம் 8 நாள் எடுத்தால்? 160 வேண்டும். அந்தக் கூடுதல் 60-ஐ எப்போதும் வைத்திருந்தால் பணம் முடங்கும். வைக்காவிட்டால் சரக்கு தீர்ந்து ஆள் வேறு கடைக்குப் போவார். எந்த அளவு ஆபத்தை ஏற்பது என்று முடிவெடுக்கத்தான் புள்ளியியல். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் தப்பிவிடுவார்கள், வேலையில் மாட்டிக்கொள்வார்கள்.

கே: பல வருஷமாகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எனக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது அண்ணா?

ப: வகுப்பில் உங்களுக்குத்தான் அனுகூலம் அதிகம். மற்றவர்கள் படத்தில் பார்க்கும் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டை, நீங்கள் தூக்கியிருக்கிறீர்கள். திடீரென்று ஒரு வாரம் சரக்கு குவிவதும், அடுத்த வாரம் ரேக் காலியாக நிற்பதும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். கடையில் விற்பனை லேசாகக் கூடினால், கடைக்காரர் பயத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். விநியோகஸ்தர் அதற்கு மேல் கூட்டுவார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அது பெரிய அலையாகியிருக்கும். இதை 'புல்விப் விளைவு' என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கிய, பீர் விநியோகத்தை நடித்துப் பார்க்கும் 'பீர் கேம்' விளையாட்டை வகுப்பில் ஆடினால் ஒரே மணி நேரத்தில் விளங்கிவிடும். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் பாடத்தில் சேர்த்திதான்!

கே: முடித்த பிறகு பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாமா?

ப: சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. வேலைக்கென்றே வகுத்த சில படிப்புகளின் கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களுக்கான மதிப்பு அலகுகளை) பல்கலைக்கழகம் முழுதாக ஏற்காது. "பொதுவாக ஏற்பார்கள்" என்று அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பி உட்காராதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தெந்தப் பாடம் என்று இரு நிறுவனங்களும் செய்த ஒப்பந்தத்தை எழுத்தில் பாருங்கள்.

கே: சி.பி.ஐ.எம். சான்றிதழையும் சேர்த்தே எடுத்துவிடலாமா?

ப: அவசரம் வேண்டாம். அது உற்பத்தித் திட்டமிடல், கையிருப்பு சார்ந்தது. போக்குவரத்துப் பக்கம் போகிறவருக்கு சி.எல்.டி.டி. பொருந்தும். இரண்டையும் தருவது முன்பு ஏபிக்ஸ் என்று அறியப்பட்ட ஏ.எஸ்.சி.எம். அமைப்பு. வேலையில் சேர்ந்து, எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் எழுதுங்கள். சில நிறுவனங்கள் கட்டணத்தையும் கொடுத்துவிடும்.

கே: எந்த மென்பொருள் கற்க வேண்டும்?

ப: எக்ஸெல். அதில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போடத் தெரியாமல் இன்டர்ன்ஷிப் போகாதீர்கள். எஸ்.ஏ.பி. போன்ற நிறுவன நிர்வாக மென்பொருள்களை நிறுவனமே அதன் வழக்கப்படி சொல்லித்தரும்.