வாசலுக்கு மேல் கறுத்த கல் பறவை: மணல் பீய்ச்ச விடலாமா?

கேள்வி: பிரான்ஸின் லியோன் நகரில், பழைய லியோன் பகுதியில் ஒரு மாடி வீட்டையும் அதன் கீழுள்ள கடையையும் வாங்கியிருக்கிறோம். கடை வாசலுக்கு மேலே சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய ஒரு பறவை கன்னங்கரேலென்று இருக்கிறது. வீடு தேடி வந்த ஒரு காண்ட்ராக்டர், "மணல் பீய்ச்சி ஒரே நாளில் வெள்ளையாக்கித் தருகிறேன், இன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை" என்றார். போட்டுவிட்டோம். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: உடனே ரத்து செய்யுங்கள். வீடு தேடி வந்து எழுதிய ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். முதல் 7 நாட்களுக்கு அவர் பணம் வாங்கவே கூடாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இந்த ஆட்களால் எத்தனை சிற்பங்கள் மொண்ணையாகிப் போயின! சுண்ணாம்புக் கல் காலப்போக்கில் தன்மேல் ஒரு கெட்டித் தோலை உண்டாக்கிக்கொள்ளும். மணல் அந்தத் தோலை உரித்துவிடும். அப்புறம் மழையும் பனியும் உள்ளே இருக்கும் மெத்துக் கல்லைத் தின்னும். அடுத்து அவரே வந்து "சிலிகான் பூசலாம், உடைந்த மூக்கைச் சிமென்டில் ஒட்டலாம்" என்பார். இரண்டும் ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லைப் பொரிய வைக்கும். ஒட்டுவதென்றால் சுண்ணாம்புக் காரைதான்.

வீட்டு எண்கள் வருவதற்கு முன், வாசலுக்கு மேல் செதுக்கிய இதுபோன்ற சின்னங்கள்தான் விலாசம். பாரிஸிலேயே ஒற்றை, இரட்டை எண் முறை 1805இல்தான் வந்தது. உங்கள் ஊரின் ரூ து பெஃப் தெருவில் 1708 என்று பொறித்த 'தங்கக் கானமயில்' என்ற கல் பறவைச் சின்னம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பொதுவாக மென்மையான பிரஷ், கொஞ்சம் தண்ணீர், கைதேர்ந்த கல் பராமரிப்பாளர் போதும். ஆனால் பழைய வண்ணமோ தங்கப்பூச்சோ மிஞ்சியிருந்தால் தண்ணீர்கூடப் படக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இறகு மடிப்புகளையும் கண்குழியையும் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ துளி தெரிந்தாலும் விரலால்கூடத் தேய்க்காதீர்கள். அந்தக் கரிப்படலம், மழை நனைக்காத இடத்தில் கந்தகப் புகை கல்லோடு சேர்ந்து உருவானது. அதற்கடியில் வண்ணம் ஒளிந்திருக்கலாம்.

அனுமதி வேண்டும். பழைய லியோன் 1964 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நகரசபையில் முன்னறிவிப்பு மனு கொடுத்தால், அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் பார்த்துச் சொல்லி முடிவு வர இரண்டு மாதம். ஒரு புகைப்படம் குறைந்தால் கேட்டு எழுதுவார்கள், அது போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும். கல்லைக் காப்பாற்ற நினைப்பவரை இப்படி அலைக்கழித்தால், ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்பவனிடம்தானே ஜனங்கள் போவார்கள்? முகப்பு எல்லா உரிமையாளர்களுக்கும் பொது என்பதால் கூட்டத்தில் வாக்கெடுப்பும் தேவை. மனு எழுதுமுன் மாவட்டத்தின் கட்டடக்கலை ஆலோசனை மையத்துக்குப் போங்கள், ஆலோசனை இலவசம்.

உங்கள் கடைப் பலகைக்கு மனு தனி. அதை மாட்டும்போது ஆணியைக் கல்லில் இறக்காமல், கற்களுக்கு இடையிலுள்ள காரையில் இறக்கச் சொல்லுங்கள். பறவைக்கு மேலே பலகை வேண்டாம், அதிலிருந்து வழியும் துருநீர் நேரே அதன் முதுகில்தான் இறங்கும்.