நாய்க்கு வயிறு கெட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மூன்று வயது நாய்க்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு தடவை வாந்தியும் எடுத்தது. ஆனால் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்? சுமார் 10 கிலோ எடை.

பதில்: சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நல்ல செய்தி. எத்தனை தடவை போனது என்பதைவிட, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குகிறதா என்று பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக வழுக்க வேண்டும், நிறம் இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். (ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தில் நிறம் பார்க்கலாம்.) ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றுகிறது. அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வாந்தி எடுத்த நாய்க்குக் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மேசைக்கரண்டி கொடுங்கள். தங்கினால் அளவைக் கூட்டலாம். தண்ணீரை மட்டும் அடியோடு நிறுத்தவே கூடாது.

உணவை 6 முதல் 12 மணி நேரம் நிறுத்தினால் போதும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதியை உள்ளே வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நெடுநேரம் காயப்போட்டால் ஆறுவதுதான் தாமதமாகும்.

பிறகு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வெந்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றோடு கொதித்த சாறும் ஆகாது. முதல் வேளைக்கு மூன்று மேசைக்கரண்டி. மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை இப்படியே கொடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். மலம் இறுகியதைப் பார்த்த மகிழ்ச்சியில் அன்றைக்கே பழைய உணவைக் கிண்ணம் நிறைய வைக்கிறார்கள். மறுநாள் மறுபடியும் பேதி. மலம் ஒரு நாள் முழுக்க இறுகி வந்த பிறகு, பத்தியத்தில் கால் பங்கை எடுத்துவிட்டு வழக்கமான உணவைக் கலந்து, அடுத்தடுத்த நாட்களில் பாதி, முக்கால் என்று ஏற்றுங்கள். கறியும் சோறும் மட்டும் முழுமையான உணவு ஆகாது. அதையே வாரக்கணக்கில் நீட்டிக்க வேண்டாம்.

இரண்டு நாளாகியும் குறையவில்லை, வாந்தி அடுத்தடுத்து வருகிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது, தார்போல் கறுப்பாகப் போகிறது, நாய் சுருண்டு படுத்துவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆழ்ந்த மார்புள்ள பெரிய இன நாய்களுக்கு இது அதிகம் வரும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சாப்பிடும் பேதி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் பரவலாக உள்ள லோபெராமைடு குடலின் அசைவை மந்தமாக்கும். தொற்றோ நச்சோ காரணமாக இருந்தால் அதை உள்ளேயே நிறுத்திவைக்கும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 மரபணுவில் குறை உண்டு. அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள்ளேயே புகுந்துவிடும். வயிறு வலிக்குமே என்று இரக்கப்பட்டு ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் கொடுப்பது இன்னும் ஆபத்து. பாலும் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, பேதி கூடும்.

கேள்வி: காலையில் மட்டும் மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. பிறகு நன்றாகச் சாப்பிடுகிறது.

பதில்: இரவெல்லாம் காலியாகக் கிடக்கும் இரைப்பைக்குள் பித்தநீர் ஏறி உறுத்துவதால் இருக்கலாம். படுக்கும் முன் சிறு உணவு கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டிக்குப் பேதி. அதற்கும் உணவை நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, தள்ளாட்டமும் வலிப்பும் வரும். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிக்குப் பேதியும் சோர்வும் சேர்ந்து வந்தால், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்றே எண்ணி உடனே கிளம்புங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த மலத்தில் கொஞ்சம் மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், மற்ற நாய்களுக்கு நடுவே குட்டியை உட்காரவைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் அது இருந்த இடத்தை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மலம் ஒட்டியிருக்கும்போது ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.