பையரின் சிரிப்பை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர், சிரித்த விதத்தை ஆங்கில ரிப்போர்ட்டில் எந்தச் சொல்லால் எழுதுவது என்று கேட்கிறீர்கள். 'ஸ்மர்க்' என்று எழுதாதீர்கள், அது திமிரோடு வரும் எகத்தாளச் சிரிப்பு. பனியன் சாம்பிளைப் பார்த்த பையர் உதட்டளவில் சிரித்தார், அதில் ஒட்டுதல் இல்லை என்கிறீர்கள். அதற்கு 'போலைட் ஸ்மைல்' (மரியாதைக்குச் சிரிப்பது) போதும். வேண்டாவெறுப்பாகத் தெரிந்தால் 'ஃபோர்ஸ்டு ஸ்மைல்'. ரிப்போர்ட் திருப்பூர் ஆபீசைத் தாண்டி அவர் கண்ணிலும் படலாம் என்பதால் 'போலைட் ஸ்மைல்' என்பதே நல்லது.

நீங்கள் வாயை மட்டும் பார்த்திருப்பீர்கள், குழப்பம் அங்கேதான். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதிவிட்டார்: உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசையோ மனசு மகிழ்ந்தால்தான் அசையும்.

வீடியோ கால் ரெக்கார்டிங் இருக்கிறதா? அவர் வாயைக் கையால் மறைத்துப் பாருங்கள். கன்னம் மேலேறிக் கண்ணோரம் சுருங்கினால் 'ஜெனுயின் ஸ்மைல்' என்றே எழுதலாம். சட்டென்று வந்து சட்டென்று மறைந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆனால் இதை வைத்து ஆர்டர் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணையும் சேர்த்து நடிக்கப் பலரால் முடியும். அப்புறம், பெரிதாகச் சிரித்தாலே கன்னம் ஏறிக் கண் சுருங்கிவிடும். சாம்பிள் பிடித்ததா, எதை மாற்றலாம் என்று மெயிலில் நேராகவே கேட்டுவிடுங்கள்.