ரூம்ல கம்ப்யூட்டர், ஹால்ல டிவி, நடுவுல பென்டிரைவ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா கேசட்ல இருந்து மாத்தி வச்ச பாட்டு, எங்க கல்யாண டிவிடி, பசங்க ஃபங்ஷன் வீடியோ எல்லாம் ரூம்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கு. டிவில பார்க்கணும்னா ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்ல ஏத்திட்டு இருக்கேன், பெரிய வீடியோன்னா ஏறவே மாட்டேங்குது. வேற வழி இருக்கா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமா இருக்கு, காசும் செலவில்ல. முதல்ல அந்த பென்டிரைவ் விஷயம், அது ஃபேட்32 முறையில ஃபார்மட் ஆகியிருக்கும், அதுல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, பென்டிரைவ் முழுசா காலியா இருந்தாலும் ஏறாது. அத விட்ருங்க. கம்ப்யூட்டர்ல ஜெல்லிஃபின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போடுங்க, கம்ப்யூட்டர்ல இருக்கற வீடியோ, பாட்டெல்லாம் வீட்டு வைஃபை வழியாவே டிவிக்கும் போனுக்கும் அனுப்பும். 2018 கடைசில எம்பி (Emby)ங்கற சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது, சந்தா எதுவும் கிடையாது. போட்டதும் பிரவுசர்ல ஒரு பக்கம் திறக்கும், அதுல உங்க ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டணும், அவ்ளோதான். ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி ஸ்டிக், போன் எல்லாத்துக்கும் அதோட ஆப் இருக்கு. ஆப்ல கம்ப்யூட்டரோட ஐபி அட்ரஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்ல அதுக்கு இருக்கற முகவரி நம்பர் கேட்கும், 192.168.1.5:8096 மாதிரி போடணும், 8096ங்கறது ஜெல்லிஃபினோட போர்ட் நம்பர், அதாவது அந்த கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு இருக்கற வாசல் நம்பர், முன்னாடி இருக்கறது வீட்டுக்கு வீடு மாறும்.

ஒண்ணு மட்டும் கவனமா செய்யுங்க. கல்யாண வீடியோவ 'மூவீஸ்' பிரிவுல சேர்த்துடாதீங்க, அது நெட்ல தேடி ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்து போஸ்டர கொண்டு வந்து உங்க கல்யாணத்து மேல ஒட்டிடும். 'ஹோம் வீடியோஸ்'னு தனி பிரிவு இருக்கு, அதுல போடுங்க. சினிமா இருந்தா பேருக்குப் பக்கத்துல வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள்ள எழுதிடுங்க, பில்லான்னு மட்டும் போட்டா 1980ல ரஜினி நடிச்சதா 2007ல அஜித் நடிச்சதான்னு அதுக்கு எப்படித் தெரியும்.

டிவிடில இருந்து எடுத்த கல்யாண வீடியோ 1 ஜிபி 1 ஜிபியா துண்டு துண்டா விஓபி ஃபைலா இருக்கும், தாலி கட்டற நேரத்துல ஒரு துண்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும். ஹேண்ட்பிரேக்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிவிடி ஃபோல்டர அப்படியே அதுல குடுத்து ஒரே எம்பி4 ஆக்கிக்கோங்க, மாத்தும்போது டீஇன்டர்லேஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா மாலை மாத்தும்போது கை அசையற இடத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும். எங்க வீட்டு டிவிடிய அப்படி சரி பண்ணி போட்டப்போ பாட்டி முகத்த அவ்ளோ தெளிவா பார்த்து அம்மா ரெண்டு தடவ நிறுத்தி நிறுத்தி பார்த்தாங்க.

பாட்டுக்கு போன்ல ஃபின்ஆம்ப்னு ஒரு ஆப் இருக்கு, ஜெல்லிஃபின்ல இருக்கற பாட்ட டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், பஸ்ல நெட் இல்லன்னாலும் அப்பாவோட பாட்டு ஓடும்.

கேள்வி: இதெல்லாம் போட்டாச்சு, ஆனா டிவி ஆப் கம்ப்யூட்டர கண்டுபிடிக்கவே மாட்டேங்குது. சில நேரம் கிடைச்சாலும் போன்ல எடுத்த வீடியோ மட்டும் திக்கி திக்கி ஓடுது. – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முக்கால்வாசி நேரம் காரணம் சின்னதாத்தான் இருக்கும். விண்டோஸ்ல உங்க வைஃபை 'பப்ளிக்'னு இருந்தா கம்ப்யூட்டர் தன்ன மறைச்சுக்கும், அத 'பிரைவேட்' ஆக்குங்க. மாடில தனியா இன்னொரு ரவுட்டர் வச்சிருந்தா டிவி அதுலயும் கம்ப்யூட்டர் இதுலயும் மாட்டியிருக்கலாம், ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும். அப்புறம் கம்ப்யூட்டர் ஸ்லீப் போயிடுச்சான்னு பாருங்க, தூங்கிட்டா எதுவும் ஓடாது. ரவுட்டர்ல அந்த கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி அட்ரஸ நிரந்தரமா ஒதுக்கிடுங்க, இல்லன்னா கரண்ட் போய் வந்ததும் நம்பர் மாறிடும்.

திக்கறதுக்கு காரணம் வேற. புது போன்ல நிறைய ஹெச்இவிசிங்கற முறையில எடுக்குது, அது பழைய டிவிக்குப் புரியாது. அதனால கம்ப்யூட்டர் ஓட ஓட அத மாத்திக் குடுக்கணும், அதுக்குப் பேர் டிரான்ஸ்கோடிங், ரொம்பப் பழைய பிராசசர் அதுல மூச்சு வாங்கும். இன்டெல் 7வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருந்தா ஜெல்லிஃபின் டாஷ்போர்டுல பிளேபேக்ல ஹார்டுவேர் ஆக்சலரேஷன்ல குயிக் சிங்க் ஆன் பண்ணுங்க, மாத்தற வேலைய இன்டெல் சிப்புல அதுக்குன்னே இருக்கற பகுதி பார்த்துக்கும், பெரிய வித்தியாசம் தெரியும். அது இல்லாத மெஷின்னா ராத்திரி தூங்கப் போகும்போது ஹேண்ட்பிரேக்ல பழைய டிவிக்கும் புரியற எச்.264 முறைக்கு மாத்த விட்டுடுங்க, ஒரு தடவ செஞ்சா போதும். வைஃபைல 2.4 இருந்தா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, முடிஞ்சா கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் போட்டுடுங்க, நான் எப்பவும் கேபிள்தான் சொல்வேன்.

கேள்வி: பெங்களூர்ல வேல பார்க்கற என் பையன் அங்க இருந்தே பார்க்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: பார்க்கலாம், ஆனா ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க, உலகத்துக்கே கதவு திறந்த மாதிரி ஆயிடும். டெயில்ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, சொந்த உபயோகத்துக்கு இலவசம், கம்ப்யூட்டர்லயும் பையன் போன்லயும் போட்டு ஒரே அக்கவுண்ட்ல உள்ள போங்க, ரெண்டும் ஒரே வீட்ல இருக்கற மாதிரி பேசிக்கும். நிறைய பிராட்பேண்டுல தனி பப்ளிக் ஐபி, அதாவது வெளியில இருந்து நேரா உங்க வீட்டுக்கு வர்ற முகவரி தர்றதில்ல, அங்கயும் இது வேல செய்யும். பையன் பக்க ஸ்பீட விட உங்க வீட்டு அப்லோட் ஸ்பீடுதான் முக்கியம், திணறுச்சுன்னா ஆப்ல குவாலிட்டிய 3 எம்பிபிஎஸ்க்கு குறைக்கச் சொல்லுங்க.

எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்லதான் இருக்குன்னா இன்னைக்கே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்து பீரோவுல வைங்க.