அடுப்படி லைட் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். வயது 36, ஊர் மதுரை வில்லாபுரம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். ஆனால் படுத்தால் ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. வீடியோக்கள் பார்த்து ஒன்பது பழக்கங்களைப் பட்டியல் போட்டிருக்கிறேன். மக்னீசியம் மாத்திரை, மழைச்சத்தம் கேட்க ஒரு ஆப், தூக்கத்துக்கு மார்க் போடும் வாட்ச் எல்லாம் வாங்கியாயிற்று. மார்க் 60ஐத் தாண்டவில்லை. பையனின் ஸ்கூல் வேன் ஆறேகாலுக்கு வருவதால் மனைவி நாலேமுக்காலுக்கே அடுப்படி லைட்டைப் போடுகிறாள், எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. எந்தப் பழக்கத்தில் தொடங்கலாம்? தூங்கா நகரத்தில் பிறந்ததால் நம் ரத்தத்திலேயே தூக்கம் இல்லையோ?

எஸ்., வில்லாபுரம்

தம்பி,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போங்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன் முள்ளைத் திருத்திக்கொள்கிறது. குடித்த காபியில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். மழைச்சத்தம் உங்கள் பாடு.

ரத்தம் என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. மதுரைக்காஞ்சியில் வரும் அல்லங்காடியை, அந்த இரவுச் சந்தையை, எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளிப் படிப்பதில்லை. கடைகளை அடைக்கிறார்கள். அடையும் மோதகமும் விற்றவர்கள் தூங்கிவழிகிறார்கள். ஓசை அடங்கிய கடல் மாதிரி ஊரே படுக்கிறது. காவலர்கள் மட்டும் கள்வரைத் தேடிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். இன்றைக்கும் சொக்கரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறையில் சேர்த்துவிட்டுத்தானே ராத்திரி நடை சாத்துகிறார்கள்? சாமிக்கே படுக்கிற நேரம் உண்டு இந்த ஊரில். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ரெண்டு மணிக்கு மூட்டை இறக்குகிறவர் விழித்திருப்பது கூலிக்காக. அவரிடம் போய் ரத்தம் என்று சொல்லிப் பாருங்கள்.

என் அப்பாவுக்கு மில்லில் மூன்றாம் ஷிப்ட். ஆரப்பாளையத்தில் ஒரே வளவுக்குள் ஆறு குடித்தனம். காலை எட்டரைக்கு வந்து பழையதைக் குடித்துவிட்டுப் படுப்பார். அம்மா ஜன்னலில் பழைய ஜமுக்காளத்தை ஆணியடித்து மாட்டியிருந்தாள். மதியம் ரெண்டு மணி வரை வளவில் யாரும் அம்மியைத் தொடமாட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை ரேடியோவைத் திருகமாட்டாள். கோலமாவு விற்கிறவர்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பார். பல்லாங்குழியில் புளியங்கொட்டை விழுந்தால் சத்தம் வருமென்று நானும் தம்பியும் ஒவ்வொரு குழியிலும் துணியைத் திணித்து ஆடினோம். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவோம். அப்பாவுக்குத் தூங்கும் பழக்கம் என்று தனியாக எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவரைத் தூங்கவைக்கும் பழக்கம் எங்களுக்குத்தான் இருந்தது.

அம்மா எப்போது தூங்கினாள்? உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவது, வெங்காயம் உரிப்பது, அப்பாவின் சட்டைக்குப் பட்டன் தைப்பது எல்லாம் கண்ணில் நிற்கின்றன. படுத்திருந்த காட்சி ஒன்றுகூட இல்லை.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் வாட்ச் பதினோரு தடவை வருகிறது. மனைவி ஒரே தடவை, அதுவும் லைட் போட்ட குற்றத்துக்காக. யாருக்காகப் போடுகிறாள் தம்பி அந்த லைட்டை? நாலேமுக்காலுக்கு எழுகிறவள் எத்தனை மணிக்குப் படுத்தாள்? பக்கத்தில் ஒரு மணி வரை நீங்கள் புரண்டுகொண்டு, போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் அவளுக்கு எப்படிக் கண் மூடும்? ஒன்பது பழக்கம் எழுதியவருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்ல பிள்ளை என்பது எழுத்தில் தெரிகிறது.

வரும் திங்கள் முதல் நாலேமுக்காலுக்கு நீங்கள் எழுந்து பையனுக்கு இட்லி ஊற்றுங்கள். சட்னி சுமாராக வந்தால் பரவாயில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு லைட்டைப் போடுங்கள். அந்த வாட்சை அவள் கையில் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மார்க் எவ்வளவு என்று எழுதுங்கள், அவளுடையதை மட்டும்.