ஹைஸ்மன் வாங்கியவர்கள் என்எஃப்எல்லில் ஏன் மங்கிப்போகிறார்கள்?

கேள்வி இதுதான்: கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய பலர், தொழில்முறை லீகான என்எஃப்எல் போனதும் சோபிப்பதில்லை, அப்புறம் அந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு?

நான் ஒஹாயோவில், கொலம்பஸில் இரண்டு வருடம் படித்தவன். அந்த ஊரில் இப்படிக் கேட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்க முடியாது. 1974, 1975 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கிய ஆர்ச்சி கிரிஃபின் அந்த ஊர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர், வேறு யாரும் இரண்டு முறை வாங்கியதில்லை, சீசன் ஆட்டங்களில் தொடர்ந்து 31 தடவை 100 யார்டுக்குக் குறையாமல் பந்தோடு ஓடிய ஆள். என்எஃப்எல்லில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் ஏழு சீசன் ஆடினார், சுமார்தான். அதற்காக அவரைக் குறைத்துப் பேசி ஒருவரையும் நான் கேட்டதில்லை.

விஷயம் என்னவென்றால், இந்தக் கோப்பை ஜாதகம் இல்லை. அந்த ஒரு சீசனில் என்ன ஆடினான் என்பதற்குத்தான் பரிசு. ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் பத்திரிகை, டிவி ஆட்கள், கூடவே முன்பு வாங்கியவர்கள். ஆளுக்கு மூன்று பெயர் எழுத வேண்டும், 3, 2, 1 என்று புள்ளி. டிவியில் அடிக்கடி வருகிற பெரிய அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கோ பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கோ போய்விடுவது அதனால்தான். முன்னால் நின்று இடி வாங்குகிற லைன்மேன் பெயர் யாருக்கு ஞாபகம் வரும்? தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஜெயிக்க 1997 ஆனது, மிஷிகனின் சார்ல்ஸ் உட்சன், அதுவும் டென்னசி குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங்கை முந்தி.

1993-ல் வாங்கிய சார்லி வார்டை, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் யாரும் எடுக்கவே இல்லை. அவர் நியூயார்க் நிக்ஸுக்குக் கூடைப்பந்து ஆடப் போய்விட்டார்! இன்னொரு பக்கம் 1988-ல் வாங்கிய பேரி சாண்டர்ஸ். கல்லூரியில் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு, பிறகு என்எஃப்எல்லின் டெட்ராய்ட் அணியிலும் அதே ஓட்டம். இரண்டு மாதிரியும் உண்டு.

1935-ல் முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லின் முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். சம்பளம் ஒத்துவரவில்லை, ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கோப்பை? உறவுக்கார அம்மா ஒருவர் வீட்டில் ரொம்ப நாள் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததாம்.