சிப்பி பதித்த பேனாவும் கட்டைவிரலும்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்களைப் பத்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். இந்தக் கடிதம் இலக்கியம் பற்றியது அல்ல, மன்னிக்கவும். மை பேனா பற்றியது.

சென்ற மாதம் சென்னை வந்தபோது ஒரு கடையில் பைலட் நிறுவனத்தின் மூடியில்லாத மை பேனாவான கேப்லெஸ் ராடனைப் பார்த்தேன். கருப்பு உடலில் சிப்பித் துணுக்குகள். விளக்கடியில் திருப்பினால் பச்சையும் நீலமும் ஓடுகின்றன. நாற்பது சதவீதம் தள்ளுபடி, அப்படியும் என் வருமானத்துக்கு அது பெரிய தொகை. எழுதிப் பார்த்தேன். க்ளிப் நிப்புப் பக்கம் இருப்பதால் கட்டைவிரலில் இடிக்கிறது. நான் பேனாவைக் கோணலாகப் பிடிப்பவன். கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேல் ஏறி நிற்கும். பத்து வரி எழுதியதும் உறுத்தத் தொடங்கியது. நிப்பு ‘பி’ என்று போட்டிருந்தது.

பக்கத்திலேயே லாமி 2000 என்ற பேனா இருந்தது. அதற்குத் தள்ளுபடி கிடையாது. கைக்குள் அப்படியே அடங்கியது. ஆனால் பார்க்க ஏதோ கருவியின் கைப்பிடி போல இருக்கிறது. எனக்கு எந்த ஆசையும் வரவில்லை.

பகலில் நீதிமன்றத்தில் குறிப்பெடுப்பேன். இரவில் நான்கைந்து பக்கம் நாட்குறிப்பு எழுதுவேன். மாதக் கடைசி வரை ராடனை எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அழகைப் பார்ப்பதா, வசதியைப் பார்ப்பதா? என் மனைவி இரண்டு பேனாவுமே வேண்டாம் என்கிறார்.

க.
திருநெல்வேலி

*

அன்புள்ள க.,

உங்கள் மனைவியின் தீர்ப்பை எதிர்த்து என்னிடம் மேல்முறையீடு செய்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த நாற்பது சதவீதத்தைத் தள்ளி வைப்போம். கடிக்கிற செருப்பை ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் நாற்பது சதவீதம் குறைவாகவா கடிக்கும்? ஆனால் இவ்வளவு அழகான பேனா ஏன் விலைபோகாமல் கிடக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் உங்கள் கடிதத்திலேயே ஓர் எழுத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ‘பி’, அதாவது பட்டை நிப்பு. நான் பார்த்தவரை நம் ஊர்க் கடைகளில் ஃபைன் என்கிற மெல்லிய நிப்புகள் சீக்கிரம் போய்விடும், பட்டை நிப்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வயதாகிக்கொண்டிருக்கும். தமிழை வேகமாக, சின்னதாக எழுதுகிறவருக்குப் பட்டை நிப்பு சரிப்படாது. சுழியெல்லாம் மையால் அடைபட்டுவிடும். நீங்கள் எழுதியது ‘ண’வா ‘ன’வா என்று மறுநாள் உங்களுக்கே சந்தேகம் வரும்.

கேப்லெஸ்ஸில் ஒரு சௌகரியம் உண்டு. 18 காரட் தங்க நிப்பும் அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையும் சேர்ந்து தனி உறுப்பாகக் கழன்று வரும். ஃபைன் நிப்பு உள்ளதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செலவைச் சேர்த்தால் தள்ளுபடியில் நல்ல பங்கு கரைந்துவிடும். கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, இனி க்ளிப். அது தெரியாமல் வைத்த இடமில்லை. பைலட் இந்தப் பேனாவை முதலில் கொண்டுவந்தது 1963இல். இப்போது கிடைப்பதில் பால்பாயிண்ட் போலப் பின்பக்கம் அழுத்தினால் நிப்பு வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போகும். நிப்பு உள்ளே போனதும் மை காயாமல் இருக்க வாசலில் ஒரு குட்டிக் கதவு மூடிக்கொள்ளும். மூடியில்லாத மை பேனாவைச் சட்டைப்பையில் நிப்பு கீழே பார்க்கும்படி செருகினால் சட்டை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிப்பு மேலே பார்த்து நிற்க வேண்டுமானால் க்ளிப் நிப்புப் பக்கம்தான் இருந்தாக வேண்டும்.

மூன்று விரலால் நேராகப் பிடிப்பவர்களுக்கு அந்த க்ளிப் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும். சிலர் அதையே பிடிமானமாக ஆக்கிக்கொள்கிறார்கள். உங்கள் பிடியில் க்ளிப் விழ வேண்டிய இடத்தில் கட்டைவிரல் படுத்திருக்கிறது. பேனாவைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். அப்போது நிப்பும் கூடவே திரும்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு காகிதத்தைச் சுரண்டியிருக்கும். மற்ற பேனாக்களில் விரலை நகர்த்தித் தப்பிக்கலாம், இதில் முடியாது. போகப் போகப் பழகிவிடும் என்று கடையில் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எட்டு வயதில் படிந்த பிடி அது.

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு நாவலை முடித்த சந்தோஷத்தில், பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஓர் ஐரோப்பியப் பேனாவை வாங்கினேன். பெயர் வேண்டாம். பித்தளை உடல், அதன் மேல் மாதுளைச் சிவப்பில் பூச்சு, கழுத்து முழுக்கப் பளபளவென்று குரோமியம். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடி என் கையெழுத்தை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மே மாதத்தில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதியபோது இரண்டாம் பக்கத்திலேயே விரல் வியர்த்து நிப்பை நோக்கிச் சறுக்கியது. இறுக்கிப் பிடித்தேன். இன்னும் சறுக்கியது. ஒரே வாரத்தில் நடுவிரலின் பக்கவாட்டில் காய்ப்பு. கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தேன். அழகுக்காக வாங்கிய பேனாவில், பால் பாக்கெட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்ட்! கை வலித்ததால் வாக்கியங்களும் சின்னதாகிவிட்டன. அடுத்த நாவலின் முதல் சில அத்தியாயங்களின் மொழிச்செறிவை ஒரு விமர்சகர் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அந்தப் பேனா இப்போது புத்தகக் கண்காட்சிக்கு மட்டும் என்னோடு வருகிறது. பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திட அதைப் போல ஒன்று கிடையாது. “பேனா ரொம்ப அழகா இருக்கே சார்” என்று வருடத்துக்குப் பத்துப் பேராவது சொல்லிவிடுகிறார்கள். புத்தகத்தைப் பற்றி அவ்வளவு பேர் சொல்வதில்லை.

அன்றாடம் எழுதுவது திருவள்ளூரில் கடைசல் பிடித்துச் செய்த ஓர் எபனைட் பேனாவில். எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தான். புதிதில் முகர்ந்தால் சைக்கிள் ட்யூப் வாசனை வரும். வெயில் பட்டால் கருப்பு வெளுத்துப் பழுப்பாகும். என்னுடையது இப்போது பழைய குடைக்காம்பு நிறத்தில் இருக்கிறது. அதை இரவல் கேட்டவர்கூட இதுவரை யாருமில்லை. ஆனால் வியர்த்த விரலிலும் சறுக்காது. கழுத்தைத் திருகி, பில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றினால் நாள் முழுக்க ஓடும். கேப்லெஸ்ஸில் மை இழுத்து நிரப்பும் கன்வர்ட்டரில் ஏறக்குறைய 0.4 மில்லிதான் பிடிக்கும், மை அடைத்தே வரும் கார்ட்ரிட்ஜ் என்றால் 0.9. ‘பி’ நிப்பில் இரவுக்கு ஐந்து பக்கம் என்றால் எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தச் சிப்பி வேலைப்பாட்டை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிய உருஷிப் பூச்சு ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. நம் அரக்கு பூச்சி தருவது, இது வேறு. மெல்லிசாக எடுத்த சிப்பி ஓட்டைத் துணுக்குகளாக்கி அதில் பதிப்பதைத்தான் ராடன் என்கிறார்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன பழைய கலை. எட்டாம் நூற்றாண்டுப் பொருள்களைக் காத்துவரும் நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில், உடல் முழுக்கச் சிப்பிப் பூக்கள் பதித்த பிவா என்னும் ஐந்து தந்தி இசைக்கருவி ஒன்று இன்றும் இருக்கிறது. அந்த வழியில் வந்த ஒரு பொருளை விளக்கடியில் திருப்பிப் பார்த்தவருக்கு ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராடனுக்கும் சாதாரணக் கருப்பு கேப்லெஸ்ஸுக்கும் உள்ளே இருப்பது ஒரே நிப்பு, ஒரே விசை. க்ளிப்பும் அதே இடத்தில்தான். எடை இரண்டுமே சுமார் 30 கிராம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் சிப்பிக்கு. அது தவறில்லை, அந்தப் பேனாவுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

நீதிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான மை பேனாவை நான் பார்த்ததில்லை. சாட்சி வாயைத் திறக்கும்போது மூடியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், ஓர் அழுத்து, இரண்டு வரி, மறுபடி ஓர் அழுத்து. அந்த இரண்டு வரியில் க்ளிப் உறுத்தாது. ஆனால் ராடனை அங்கே கொண்டுபோவீர்களா? “சார், ஒரு நிமிஷம் பேனா குடுங்க” என்று நீளும் கைகளை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சரி, வீட்டிலேயே வைத்து இரவில் மட்டும் எழுதலாம் என்றால், அங்கேதான் ஐந்து பக்கம், அங்கேதான் கட்டைவிரல். அழகு பத்திரமாக இருக்கும் இடத்தில் எழுத முடியாது, எழுத முடிகிற இடத்தில் அழகுக்குப் பத்திரமில்லை. அதனால் ராடனை விட்டுவிடுங்கள் என்பேன்.

அந்த அழுத்தும் விசை பிடித்திருந்தால் சாதாரண கேப்லெஸ்ஸையோ, அதன் மெலிந்த வடிவமான டெசிமோவையோ நண்பர்கள் யாரிடமாவது ஒரு வாரம் கேட்டு வாங்கி எழுதிப் பாருங்கள். டெசிமோவின் எடை சுமார் 20 கிராம்தான். ஒரு வாரம் கழித்தும் கட்டைவிரல் புகார் சொல்லாவிட்டால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு ராடனை வாங்கிக்கொள்ளலாம்.

லாமி 2000. கருவியின் கைப்பிடி என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கண் பொய் சொல்லவில்லை. 1966இல் வெளிவந்த அதை வடிவமைத்த கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர், அதற்கு முன்பு ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காகச் சமையலறை மாவு பிசையும் இயந்திரத்தை வடிவமைத்தவர். கண்ணாடி இழை கலந்த மாக்ரோலான் என்ற பிளாஸ்டிக்கில் உடல். மை இழுக்கும் திருகு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவித் தேட வேண்டும். எனக்கு அது அழகாகத்தான் படுகிறது. மூடியைப் பிடித்துக்கொள்ளக் கழுத்தில் இரண்டு சின்ன உலோகக் காதுகள் இருக்கும். சிலருக்கு அவை உறுத்தும், உங்களுக்கு உறுத்தவில்லை. ஆனாலும் ஆசை வரவில்லை என்று எழுதிவிட்டீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வசதியானது, நல்லது, எல்லோரும் சொல்கிறார்கள் என்று வாங்கிய இரண்டு பேனாக்கள் என் டிராயரில் மை காய்ந்து கிடக்கின்றன. அதையும் இப்போது வாங்காதீர்கள். இந்த வரியை மட்டும் வீட்டில் காட்ட வேண்டாம்.

மாதக் கடைசியில் எப்படியும் ஒருமுறை அந்தக் கடைக்குப் போவீர்கள் என்று தெரியும். போனால் உங்கள் நாட்குறிப்புத் தாள்களைக் கையோடு எடுத்துப்போங்கள். கடை கொடுக்கும் வழவழத் தாளில் எல்லா நிப்பும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து, கையெழுத்தாக இல்லாமல், முந்தின நாள் நடந்ததை இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு பேனாவை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சிப்பியைப் பாருங்கள். கடைப் பையன் ஒருவன் பின்னாலேயே வருவான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.